இருபத்து மூன்றாவது வாசல்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். கம்பியே அப்படித்தான் சொன்னான். ஆனால் இதில் ஒரு வார்த்தைகூட அவன் சேர்த்துச் சொன்னதில்லை. தேதி, மணி, எத்தனை நிமிடம் என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பதிவை அவன் என் முன்னால் திறந்து காட்டினான். வரி வரியாகப் பார்த்தேன். அன்றிலிருந்து எத்தனை மாடி ஆனாலும் நான் படிக்கட்டில்தான் ஏறுகிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுராத்திரி, நாய் ஊளை, வெள்ளைப் புடவை எதுவும் இதில் கிடையாது. நடந்ததெல்லாம் பட்டப்பகலில். மதியம் இரண்டு நாற்பது. சாப்பிட்ட களைப்பில் உலகத்துக்கே கண் சொருகுகிற நேரம்.

கம்பி என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். ஆள் அவ்வளவு ஒல்லி. லிஃப்ட் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவன். வீட்டில் மனைவி, மூன்று வயதுப் பெண் குழந்தை. வேலையில் கெட்டிக்காரன், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

அவன் கம்பெனி இருபத்திரண்டு கட்டடங்களின் லிஃப்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் சிவப்புப் பொத்தானை அழுத்துவார்கள் அல்லவா? அந்த அழைப்பு நேரே கம்பெனியின் கன்ட்ரோல் ரூமுக்கு வரும். இரண்டாவது மாடியில், தாழ்வாரத்தின் கடைசியில் இருக்கும் சின்ன அறை. திரையில் கட்டடத்தின் பெயரும் லிஃப்ட் நம்பரும் மின்னும். அதைப் பார்த்து ஆள் அனுப்புவார்கள்.

மதியம் அங்கே உட்காருகிறவர் ஆபரேட்டர் அக்கா. ஐம்பது வயது. பதினாறு வருடமாக அதே நாற்காலி. இருட்டுப் பெட்டிக்குள் மூச்சு முட்டிக் கத்துகிறவர்கள் அக்காவின் குரலைக் கேட்டால் அடங்கிவிடுவார்கள். அவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான். "பயப்படாதீங்க. நான் இருக்கேன். நீங்க எங்க இருக்கீங்க?"

ஒரு புதன்கிழமை அந்த அக்கா கம்பியின் மேசைக்கு வந்து நின்றார். கையில் ஒரு காகிதம் மடங்கிக் கசங்கியிருந்தது. மேனேஜர் கொடுத்த மெமோ.

"தம்பி, எனக்கு ஒரு உதவி பண்ணணும். வெளிய சொல்லாத."

"என்னக்கா, யாரையாவது லிஃப்டுல பூட்டி வைக்கணுமா?"

அக்கா சிரிக்கவில்லை.

ஒன்பது நாளாக ஓர் அழைப்பு வருகிறதாம். சரியாக இரண்டு நாற்பதுக்கு. திரையில் கட்டடப் பெயர் வராது, லிஃப்ட் நம்பர் வராது, வெறும் கேள்விக்குறி. எடுத்தால் தட்டுகிற சத்தம் கேட்கும். மூன்று தட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று தட்டு. பதினோரு நிமிடம் இப்படியே போகும். இரண்டு ஐம்பத்தொன்றுக்குத் தானாகக் கட் ஆகிவிடும்.

மேனேஜரிடம் சொன்னபோது, லைன் கோளாறு, கட் பண்ணிவிடுங்கள் என்றார். அக்காவுக்கு மனசு வரவில்லை. போன வாரம் இந்தத் தட்டுச் சத்தத்தோடு அவர் பேசிக்கொண்டிருந்தபோது, வேறொரு கட்டடத்தில் நிஜமாகவே மாட்டிக்கொண்ட ஒரு பெரியவர் ஒன்பது நிமிடம் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. அதற்குத்தான் மெமோ. இன்னொரு முறை நடந்தால் வேலை போய்விடும். அக்காவின் வீட்டுக்காரர் படுத்த படுக்கை. அக்காவின் சம்பளத்தில்தான் குடும்பமே ஓடுகிறது.

"மேனேஜர் சொல்றதும் நியாயம்தானக்கா. கட் பண்ணிட வேண்டியதுதானே?"

"உள்ள ஆள் இருக்குப்பா."

"எப்படிச் சொல்றீங்க?"

"முதல்ல தட்டு மட்டும்தான். நாலாம் நாள் மூச்சு விடுற சத்தம் கேட்டுச்சு. ஆறாம் நாள் பேச ஆரம்பிச்சிடுச்சு."

"என்ன பேசுச்சு?"

அக்கா குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"பயப்படாதீங்கன்னு சொல்லுச்சு."

கம்பிக்கு முதல்முறையாக முதுகில் ஏதோ ஊர்ந்த மாதிரி இருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. பயத்தில் குழம்பிப்போன ஆள், காதில் விழுந்ததையே திருப்பிச் சொல்லியிருப்பார் என்றான்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா அந்த ஆள் எங்க இருக்காங்கன்னு தெரியலையே. ஒன்பது நாளா ஒருத்தர் எங்கயோ மாட்டிக்கிட்டு இருந்தா... நீ கண்டுபிடிச்சுக் குடு தம்பி. போதும்."

அந்த ஆள் எங்கே என்பது கேட்க வேண்டிய கேள்விதான். கம்பி ஒத்துக்கொண்டான்.

வேலை ஒன்றும் பெரிதல்ல என்று நினைத்தான். கம்பெனியின் சர்வருக்கு இருபத்திரண்டு முகவரிகள். ஒரு வீட்டுக்கு இருபத்திரண்டு வாசல் மாதிரி. ஒரு கட்டடத்துக்கு ஒரு வாசல். முகவரியின் கடைசி எண்ணைப் பார்த்தாலே எந்தக் கட்டடம் என்று சொல்லிவிடலாம். ஒன்று என்றால் கம்பெனி இருக்கும் இதே கட்டடம். இரண்டு என்றால் எதிர்த்தெரு வங்கி. இப்படி இருபத்திரண்டு வரை.

"அப்ப கூப்பிடறவங்க முகவரியப் பாத்தா போதாதா?" என்றார் அக்கா.

"அது உதவாதுக்கா. எந்தக் கட்டடத்துலேர்ந்து வந்தாலும் நடுவுல ஒரு பெட்டி இருக்கு. அதுதான் எல்லாரையும் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து விடும். வந்தது யாருன்னு கேட்டா எப்பவும் அந்தப் பெட்டியோட முகவரிதான் வரும். அதனால வந்தவங்களப் பத்திக் கேக்கக் கூடாது. நம்மளையே கேக்கணும்."

"நம்மள என்ன கேக்குறது?"

"இந்த அழைப்பு நம்ம எந்த வாசல்ல வந்து நிக்குதுன்னு."

ஒவ்வோர் அழைப்புக்கும் புரோகிராமில் சாக்கெட் என்று ஒன்று திறக்கும். அழைப்பின் நம் பக்கத்து முனை அது. உன் சொந்த முகவரி என்ன என்று அதைக் கேட்டால் சொல்லிவிடும். ஒரே வரி புரோகிராம். கம்பி எழுதிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனான்.

வியாழக்கிழமை 2:40. அழைப்பு வந்தது. பதிவில் விழுந்த முகவரி: எல்லாமே பூஜ்யம்.

கம்பி தலையில் அடித்துக்கொண்டான். அவன் செய்த தப்புதான். அழைப்புக்காகக் காத்துக்கொண்டிருக்கிற சாக்கெட்டைக் கேட்டுவிட்டான். அது எல்லா வாசலையும் பொதுவாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. எந்த வாசல் என்று கேட்டால் அது எல்லா வாசலும்தான் என்று சொல்லும். அழைப்பு வந்த பிறகு, அதற்கென்றே தனியாகத் திறக்கிற சாக்கெட்டைக் கேட்டிருக்க வேண்டும். வரியைத் திருத்தினான். சாயங்காலம் சோதனைக்கு ஏழெட்டு லிஃப்டிலிருந்து கூப்பிடச் சொன்னான். நான்கு என்றால் நான்கு. பதினெட்டு என்றால் பதினெட்டு. அச்சுப் பிசகாமல் வந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் அக்காவின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தான். இன்னொரு ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டான்.

2:38... 2:39...

2:40. மணி அடித்தது. திரையில் கேள்விக்குறி.

டொக். டொக். டொக்.

இரும்பில் விரல் முட்டி படுகிற சத்தம். அவசரமே இல்லை. மாட்டிக்கொண்டவர்கள் கையில் கிடைத்ததை வைத்து அடிப்பார்கள், உதைப்பார்கள். இது அப்படியில்லை. விருந்தாளி வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது.

"பயப்படாதீங்க," என்றார் அக்கா. "நான் இருக்கேன்."

சத்தம் நின்றது. மூச்சு கேட்டது. பிறகு, பெண்ணா ஆணா என்று சொல்ல முடியாத ஒரு குரல்...

"நான் இருக்கேன்."

கம்பி திரையைப் பார்த்தான். பதிவில் புது வரி விழுந்திருந்தது. வாசல்: 23.

இருபத்து மூன்று என்று ஒரு வாசலே கிடையாது. புரோகிராம் தப்பா? சர்வரிடம் அதன் முகவரிகள் எல்லாவற்றையும் பட்டியல் கேட்டான். ஒன்று, இரண்டு, மூன்று... இருபத்திரண்டு. அவ்வளவுதான். மறுபடி கேட்டான். இருபத்திரண்டு. சாக்கெட்டை மட்டும் கேட்டால் இருபத்து மூன்று என்கிறது.

இல்லாத வாசலில் ஒருவர் வந்து நிற்க முடியாது. அது அவனுக்குத் தெரியும். அப்படி வருகிற அழைப்பைச் சர்வர் வாங்கவே வாங்காது. ஆனால் ஹெட்போனில் அந்த மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது.

"நீங்க எங்க இருக்கீங்க?" என்றது குரல்.

"பாத்தியா, பாவம்," என்று அக்கா மைக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார். "நேத்தும் இதையேதான் கேட்டுச்சு. உதவிக்கு வர்ற ஆள் எவ்வளவு தூரத்துல இருக்காங்கன்னு தெரிஞ்சுக்க ஆசைப்படுது."

"நீங்க என்னக்கா சொன்னீங்க?"

"ரெண்டாவது மாடி, கன்ட்ரோல் ரூம்லேர்ந்து பேசறேன்னு சொன்னேன்."

2:51. கட்.

பழைய கோப்புகளைப் புரட்டியபோது இருபத்து மூன்று கிடைத்தது. மூன்று தெரு தள்ளி இருக்கிற ஐந்து மாடிக் கட்டடம். ஒரு காலத்தில் கம்பெனிதான் அதன் லிஃப்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏழு வருடத்துக்கு முன் ஒப்பந்தம் முடிந்து, முகவரியையும் எடுத்துவிட்டார்கள். கட்டடமே காலியாகி ஒரு வருடம் ஆகிறது. அடுத்த வாரம் இடிக்கப்போகிறார்கள்.

அடுத்த வாரம் இடிக்கப்போகிறார்கள் என்று கேட்டதும் அக்காவின் முகம் வெளுத்தது.

"உள்ள யாராவது இருந்தா? ஒளிஞ்சு விளையாடப் போன குழந்தைங்க... வீடில்லாதவங்க... ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துடு தம்பி. உன்னக் கும்பிட்டுக் கேக்கறேன்."

சனிக்கிழமை கம்பி, கம்பெனியின் மெக்கானிக் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனான். மெக்கானிக் அண்ணன் ஆறடி ஆள். இருபது வருட அனுபவம். லிஃப்ட் கதவை வெளியிலிருந்து திறக்கும் முக்கோணச் சாவி எப்போதும் அவர் இடுப்பில் தொங்கும். "மதியத் தூக்கத்தக் கெடுத்துட்டியேடா," என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார்.

கேட் சும்மா சாத்தியிருந்தது. உள்ளே கூடத்தில் தூசி ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. உடைந்த கண்ணாடி வழியாக வெயில் பளீரென்று தரையில் விழுந்தது. அந்தத் தூசியில் ஒரு காலடித் தடம்கூட இல்லை. இவர்கள் இருவருடையதைத் தவிர.

கூடத்தின் கோடியில் லிஃப்ட். இரண்டு இரும்புக் கதவுகளும் இறுக மூடியிருந்தன. பக்கத்துச் சுவரில் மின்சாரப் பெட்டி திறந்து கிடந்தது. வயர்கள் எல்லாம் வெட்டப்பட்டிருந்தன. கட்டடத்தில் கரண்ட் இல்லை. போன் லைன் இல்லை. எதுவுமே இல்லை.

"இங்கேர்ந்தா போன் வருது?" மெக்கானிக் அண்ணன் சிரித்தார். "உங்கக்கா நல்லா ரீல் விட்டிருக்காங்க."

மணி 2:37. கம்பி செல்போனில் அக்காவைக் கூப்பிட்டான். அக்காவுக்கு ஒரு காதில் செல்போன், இன்னொரு காதில் ஹெட்போன். ஸ்பீக்கரைப் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டான்.

2:40.

"வந்துடுச்சு தம்பி," என்றார் அக்கா. "தட்டுது."

கம்பி லிஃப்ட் கதவில் காதை வைத்தான். இரும்பு சில்லென்று இருந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

"இங்க ஒண்ணும் கேக்கலக்கா."

"இங்க நல்லா கேக்குது. மூணு... மூணு... இப்ப நின்னுடுச்சு."

கம்பி கதவிலிருந்து காதை எடுக்கவில்லை.

"தம்பி..." அக்காவின் குரல் மாறியிருந்தது. "அது ஏதோ சொல்லுது."

"என்ன?"

"வெளிய ரெண்டு பேர் நிக்கிறாங்கன்னு சொல்லுது."

மெக்கானிக் அண்ணனின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"ஒருத்தர் ஒல்லியா இருக்காராம்... கதவுல காது வெச்சிருக்காராம்."

கம்பி துள்ளிப் பின்னால் வந்தான். இருந்தாலும் அந்த நேரத்தில் அவனுக்குத் தோன்றியது ஒன்றுதான். உள்ளே ஆள் இருக்கிறது. நிஜமாகவே இருக்கிறது. கதவு இடுக்கு வழியாகப் பார்க்கிறது. அக்கா சொன்னது சரி.

கையை உயர்த்தி, கதவில் மூன்று முறை தட்டினான்.

டொக். டொக். டொக்.

"இப்ப கேட்டுச்சு!" என்றார் அக்கா. "நீ தட்டினது இந்த லைன்ல கேட்டுச்சு தம்பி! அது உள்ளதான் இருக்கு. சீக்கிரம் தொறங்க!"

மெக்கானிக் அண்ணன் சாவியைப் போட்டுத் திருகினார். துரு பிடித்திருந்தது. தோளைக் கொடுத்து நெம்பினார். கதவு ஒரு முனகலோடு நகர்ந்தது. ஒரு சாண். இரண்டு சாண்...

உள்ளே லிஃப்ட் இல்லை.

பெட்டியே இல்லை. கயிறு இல்லை. வெறும் குழி. மேலே ஐந்து மாடிக்கும் இருட்டு. கீழே கொஞ்சம் கறுப்புத் தண்ணீர். ஆள் நிற்கக் கால் வைக்க இடமில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் எதுவுமே இல்லை.

"கழட்டி எடுத்துட்டாங்கடா," என்று மெக்கானிக் அண்ணன் முணுமுணுத்தார். "எப்பவோ எடுத்துட்டாங்க."

ஸ்பீக்கரில் அக்கா அழுகிற மாதிரி இருந்தது.

"தம்பி... கதவு தொறந்துடுச்சுன்னு சொல்லுது. வெளிச்சம் வருதுன்னு சொல்லுது."

"அக்கா, இங்க யாரும் இல்ல."

"வெளிய வர்றேன்னு சொல்லுது..."

"அக்கா, கட் பண்ணுங்க!"

"வந்துட்டேன்னு சொல்லுது."

குளிர்ந்த காற்று ஒன்று இருவருக்கும் நடுவில் புகுந்து போனது. வெயிலடிக்கும் கூடத்தில். மெக்கானிக் அண்ணனின் சட்டை நுனி லேசாக ஆடியது.

கம்பி தரையைப் பார்த்தான்.

தூசியில் இரண்டு பேரின் தடம் உள்ளே வந்திருந்தது.

மூன்றாவதாக ஒன்று... வெளியே போயிருந்தது.

இருவரும் எப்படித் தெருவுக்கு வந்தார்கள் என்று இருவருக்குமே நினைவில்லை. செல்போனில் மணி 2:51.

ஞாயிறு முழுக்கக் கம்பி வீட்டை விட்டு நகரவில்லை. அழைப்பும் வரவில்லை. திங்கள், செவ்வாய்... வரவில்லை. மேனேஜர், லைன் சரியாகிவிட்டதே என்று சிரித்தார். மெமோவைக் கிழித்துப் போட்டார். அக்காவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. மெக்கானிக் அண்ணன் மட்டும் வாயே திறக்கவில்லை. மூன்று நாள் லீவு போட்டுவிட்டார். கம்பியின் மனைவி புதன்கிழமை காலையில் ஒரு விஷயம் சொன்னாள்.

"என்னங்க இது புதுப் பழக்கம்? ராத்திரியெல்லாம் தூக்கத்துல கட்டிலத் தட்டிக்கிட்டே இருக்கீங்க."

"எத்தனை தடவ?"

"மூணு தட்டு. அப்புறம் கொஞ்சம் விட்டு மூணு தட்டு. பாப்பா எழுந்துக்கிட்டா."

அவன் வேலைக்குக் கிளம்பினான்.

புதன்கிழமை மதியம். கன்ட்ரோல் ரூமில் அக்காவும் கம்பியும் மட்டும். தாழ்வாரத்தில் யாரும் இல்லை. எல்லாரும் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

2:40.

மணி அடித்தது.

கேள்விக்குறி.

அக்காவின் கை தானாக ஹெட்போனுக்குப் போனது. கம்பி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். பதிவைப் பார்த்தான்.

வாசல்: 1.

ஒன்று. இந்தக் கட்டடம்.

வெளியே... தாழ்வாரத்தின் அந்தக் கோடியில்... லிஃப்ட் வருகிற சத்தம் கேட்டது. டிங். கதவு திறந்தது.

யாரும் இறங்கவில்லை. காலடிச் சத்தம் இல்லை. லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

கம்பி எழுந்து போய்க் கன்ட்ரோல் ரூம் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டான்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

2:43.

2:44...

டொக். டொக். டொக்.

கன்ட்ரோல் ரூம் கதவில்.

ஹெட்போன் மேசைமேல் கிடந்தது. யாரும் அழைப்பை எடுக்கவில்லை. ஆனாலும் அதிலிருந்து சன்னமாக ஒரு குரல் வந்தது.

"பயப்படாதீங்க."

அது அக்காவின் குரல்.

அக்கா பேசவில்லை. அக்கா கம்பியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தார்.

"நான் இருக்கேன்."

டொக். டொக். டொக்.

"நீங்க எங்க இருக்கீங்க?"

கம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டான். கதவின் கீழ் இடுக்கில் தாழ்வாரத்து வெளிச்சம் தெரிந்தது. அந்த வெளிச்சத்தில் நிழல் எதுவும் இல்லை. ஆனால் கைப்பிடி... மெதுவாக... ரொம்ப மெதுவாக... கீழே இறங்கியது.

நின்றது.

மேலே போனது.

2:51.

திரை அணைந்தது.

கால் மணி நேரம் கழித்து ஆட்கள் மேலே வந்து கதவைத் தட்டியபோது இருவரும் திறக்கவில்லை. மேனேஜர் நாற்காலிமேல் ஏறி, கதவுக்கு மேலிருந்த வென்டிலேட்டர் வழியாக முகத்தைக் காட்டிய பிறகுதான் திறந்தார்கள். அக்கா அன்றைக்கே வேலையை விட்டுவிட்டார். சீக்கிரமே ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது நல்லதாகப் போயிற்று. அதன் பிறகு கம்பெனிக்கு அந்த அழைப்பு வரவே இல்லை.

ஒரு வாரம் போயிருக்கும். சாப்பிடும்போது மனைவி சும்மா பேச்சுவாக்கில் சொன்னாள்.

"மதியம் யாரோ வந்து கதவத் தட்டுறாங்க. தொறந்தா யாரும் இல்ல. பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க வேலையா இருக்கும்."

"எத்தனை மணிக்கு?"

"மணிய யார் பாத்தா? பாப்பா தூங்கற நேரம்."

அவன் கையிலிருந்த சோறு தட்டில் விழுந்தது.

மெக்கானிக் அண்ணன் அதற்குள் ஒரு காரியம் செய்திருந்தார். அந்தக் கட்டடத்தில் முன்பு வேலை பார்த்த காவல்காரரைத் தேடிப் பிடித்துவிட்டார். வேறொரு கட்டடத்தின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் அவர். காலை பதினொரு மணி. தெருவில் நல்ல வெயில், நல்ல கூட்டம். கம்பி அவர் முன்னால் போய் நின்றான்.

"ஐயா, அந்த லிஃப்டுல யாரு செத்துப் போனாங்க?"

காவல்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரும் சாகல தம்பி. முப்பது வருஷம் நான் அங்கதான் இருந்தேன். ஒருத்தர் மாட்டிக்கிட்டதுகூட இல்ல."

"அப்ப தட்டினது யாரு?"

"அது எனக்குத் தெரியாது. லிஃப்டக் கழட்டி எடுத்துட்டுப் போன மறுநாள்லேர்ந்து தட்ட ஆரம்பிச்சுது. வெறும் குழிக்குள்ளேர்ந்து. மதியம் ரெண்டு நாப்பதுக்கு. மூடி வெச்சோம். தட்டிட்டுப் போகட்டும்னு விட்டுட்டோம். அதனால யாருக்கும் ஒரு கெடுதலும் இல்ல. நாங்க யாரும் பதில் தட்ட மாட்டோம், அவ்வளவுதான்."

"தட்டினா?"

காவல்காரர் நாற்காலியைக் கொஞ்சம் நிழலுக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மூணாவது மாடி ஆபீசுல ஒரு டைப்பிஸ்ட் பொண்ணு இருந்துச்சு. துறுதுறுன்னு இருக்கும். ஒரு நாள் விளையாட்டுக்கு அந்தக் கதவுல பதில் தட்டுச்சு. மறுநாள்லேர்ந்து எங்க கட்டடத்துல சத்தமே இல்ல. எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். அந்தப் பொண்ணும் கொஞ்ச நாள்ல வேலைய விட்டுட்டு வேற எங்கயோ போயிடுச்சு."

"அப்புறம்?"

"பதினோரு மாசம் நிம்மதியா இருந்தோம். திடீர்னு ஒரு நாள் மதியம், குழிக்குள்ள மறுபடி தட்டு. அது திரும்பி வந்துடுச்சு." அவர் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சாயங்காலம் அந்தப் பொண்ணோட அண்ணன் ஆபீசுக்குப் போன் பண்ணினாரு. அன்னிக்கு மதியம் வீட்டுல தூங்கிட்டு இருந்த பொண்ணு, எழுந்துக்கவே இல்லையாம்."

பிறகு காவல்காரர் கம்பியின் கையைப் பார்த்தார். நாற்காலியின் கைப்பிடியில் அந்த விரல்கள் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தன. மூன்று. கொஞ்சம் விட்டு, மூன்று. அவனுக்கே அது தெரியவில்லை.

"பதில் தட்டினது நீயா தம்பி?" என்று கேட்டார்.

கம்பி இதையெல்லாம் என்னிடம் சொல்லி முடித்தது போன செவ்வாய்க்கிழமை. அவன் அந்தக் கதவைத் தட்டி அன்றோடு பத்து மாதமும் இருபது நாளும் ஆகியிருந்தன.